நாணுடைமை இருபாலார்க்கும் பொதுவென்பது

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையொன்றில், வெள்ளவத்தையிலே அன்பரொருவர் இல்லத்திற் கூடிய எமது நூலாராய்ச்சி வகுப்பிலே, திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் பாடமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பாடம் முடியுமுன்னரே, மகளிர் வரிசையிலிருந்த அன்னையார் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்த அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு அல்லவோ படிப்பிக்க வேண்டும்? இப்போதுள்ள பிள்ளைகளிடம் வெட்கம் எங்கே இருக்கிறது?” என்று வினாவினார். கூட்டத்திற் பலர் தலையசைத்தனர். அவ்வன்னையார்க்கு மகன் ஒருவனும் மகள் ஒருத்தியும் உளர். இருவரும் கொழும்பிலே உயர்கல்வி பயில்கின்றனர். மகனைப்பற்றி அவர் ஒன்றும் வினாவினாரல்லர். யாமும் அப்பொழுது அதனைக் கவனித்தேமல்லேம். வீடு திரும்பும் வழியிலேதான், வினாவின் பாதி விடுபட்டுப்போயிற்று என்பது எமக்குத் தோன்றியது. அவ்விடுபட்ட பாதியையே ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

நாண் என்பது யாது? அது பெண்பாலார்க்கே மிகுதியும் உரியதோ? உரியதாயின், அவரைத் தீநெறியினின்று காப்பது அதுதானோ? ஆண்பாலார்க்கு அது குறைவாயின், அக்குறை பிறவியான் வந்ததோ, வளர்ப்பான் வந்ததோ? இவை வீட்டுத் திண்ணையிற் பேசிவிடத்தக்க வினாக்கள் அல்ல. சர்வகலாசாலை என முன்னையோரும் பல்கலைக்கழகம் என இக்காலத்தாரும் வழங்கும் கழகங்களிலே நம் மக்கள் படும் துன்பங்கள் சில இவ்வினாக்களின் விடையைப் பற்றியே நிற்கின்றன.

முதற்கண் நூலை நோக்குவாம். திருவள்ளுவர் நாணுடைமையைப் பொருட்பாலின் ஒழிபியலிலே, 102ஆம் அதிகாரமாக வைத்தார், காமத்துப்பாலில் வைத்தாரல்லர். அவ்வதிகாரத்து முதற்குறளிலேயே நாணினை இரண்டாகப் பகுத்துவிடுகின்றார். தகாத செயல் காரணமாக ஒருவர் உள்ளம் ஒடுங்குவது ஒன்று. நன்மகளிர்பாற் காணப்படும் நாணம் மற்றொன்று. தாம் கூறப்புகுந்தது முன்னையதே, பின்னையது வேறு என்பது அவர் கருத்து. பரிமேலழகரும் இவ்வேறுபாட்டை விளக்கி, பின்னையது மனம் மொழி மெய்களின் ஒடுக்கத்தான் வருவதென உரைத்தார். இரண்டாங் குறளிலே, உணவும் உடையும் போல்வன எல்லார்க்கும் பொதுவாக, நாணுடைமை ஒன்றே மாந்தர்க்குச் சிறப்பாவது என்றார். ‘மாந்தர்’ என்னுஞ் சொல் இருபாலார்க்கும் பொதுவாதல் சிறுபிள்ளைகளும் அறிவர். எனவே இவ்வதிகாரத்தைப் பெண்பிள்ளைகளுக்கே உரிய பாடமாகக் கொள்வார், ஆசிரியர் முதலடியிலேயே விலக்கியதனைத் திரும்ப உள்ளே கொணர்ந்து வைப்பாராவர்.

இதற்கு இன்னுமொரு சான்று உண்டு. காமத்துப்பாலிலே நாணுத்துறவுரைத்தல் என 114ஆம் அதிகாரம் ஒன்று இருக்கின்றது. அங்கே மடலேறத் துணிந்த தலைவன், நாணும் நல்லாண்மையும் முன்னர்த் தன்பால் இருந்தன என்றும், காமமிகுதியால் அவற்றை இழந்தேன் என்றும் இரங்குகின்றான். இல்லாததனை இழத்தல் கூடுமோ? ஆண்மையையும் நாணையும் ஓரிடத்தே ஒருங்குவைத்துப் பேசும் அத்தலைவன், நாணுதல் ஆண்மைக்கு இழுக்கென்று கருதினானல்லன். தொல்காப்பியர் பெருமையும் உரனும் ஆடவர்க்கு எனவும், அச்சமும் நாணும் மடனும் பெண்டிர்க்கு எனவும் களவியலிலே பகுத்தமை உண்மையே. ஆயின் அது காதலொழுக்கத்திலே தலைவனும் தலைவியும் நிற்கும் நிலையைக் கூறும் இலக்கணம். பரீட்சை மண்டபத்துக்கும் மாணவர் விடுதிக்கும் வகுத்த விதியன்று.

ஆராய்ச்சி எளிமையாதற்பொருட்டு முன்னையதனை வினைநாண் எனவும், பின்னையதனை விழிநாண் எனவும் யாம் பெயரிட்டுக்கொள்வாம். வினைநாண், யான் செய்தது என்ன என்பதை நோக்குவது. விழிநாண், என்னைப் பிறர் எங்ஙனம் பார்க்கின்றனர் என்பதை நோக்குவது. நம் வீடுகளிலே இவ்விரண்டும் ஒரே சொல்லால் வழங்கப்படுதலே மயக்கத்துக்குக் காரணம். உரக்கச் சிரித்த மகளை “வெட்கமில்லாதவள்” என்கின்றேம். பொழுதுபட்டு வந்த மகளையும் அவ்வாறே என்கின்றேம். அவள் செய்த பிழை யாது என்று கேட்பின் விடையில்லை. நாலுபேர் பார்த்தனர் என்பதொன்றே விடை. சோதனையிலே அடுத்தவன் தாளைப் பார்த்தெழுதிச் சித்தியெய்திய மகனையோவெனின், “கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வான்” என்கின்றேம். இங்ஙனம் மகளுக்கு விழிநாணை ஊட்டி, மகனுக்கு எந்நாணையும் ஊட்டாது விடுகின்றேம். வினைநாண் இருவர்க்கும் கிட்டாதொழிகின்றது.

நம் அயலவராகிய சிங்களரும் பிள்ளைகளை ‘லஜ்ஜா பய’ என்னும் இணைச்சொல்லாலே திருத்துதலை இந்நகரிலே நாடோறும் கேட்கின்றேம். பாளி நூல்கள் ஹிரி, ஒத்தப்ப என்னும் இரண்டனை, அஃதாவது தீவினைக்கு நாணுதலையும் அதன் விளைவுக்கு அஞ்சுதலையும், உலகினைக் காக்கும் இரு காவல்கள் எனக் கூறும். அவையும் ஆண் பெண் எனப் பிரித்துக் கூறப்பட்டனவல்ல. வீட்டு வழக்கிலே மட்டும் அது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கென ஆயிற்று. இவ்வகையில் இரு சமூகத்தாரும் ஒரே ஓடத்திலேயே இருக்கின்றனர் போலும்.

இனி, மேனாட்டு உளநூலார் இதுபற்றிக் கண்டவற்றைச் சிறிது கூறுவாம். ஹெலன் பிளாக் லூயிஸ் என்னும் அம்மையார் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, நாணம் தன்னையே முழுதும் பழித்தல் என்றும், குற்றவுணர்வு தான் செய்த செயலைப் பழித்தல் என்றும் வேறுபடுத்தினார். அவர்வழி நின்று ஜூன் டாங்னி என்னும் ஆராய்ச்சியாளர், மாணவரிடத்தும் பிறரிடத்தும் இவ்விரண்டையும் அளத்தற்கு ஒரு வினாத்தாள் அமைத்தார். சிறு நிகழ்ச்சிகள் பலவற்றைக் கூறி, உமக்கு எங்ஙனம் தோன்றும் என்று கேட்பது அதன் முறை. நம்மூர்க்கு ஏற்ப யாம் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். நண்பனிடம் இரவல் வாங்கிய பாடக்குறிப்பைக் காலி வீதியிலே பஸ்ஸிற் போகும்போது ஒருவன் தொலைத்துவிட்டான் எனக் கொள்க. “யான் எதற்கும் உதவாதவன், அவன் முகத்தில் விழிக்கமாட்டேன்” என்பது ஒரு விடை. “எப்படியாவது வேறு பிரதி தேடி எழுதிக்கொடுக்க வேண்டும்” என்பது மற்றொன்று. “ஒரே பிரதியை அவன் ஏன் தந்தான்?” என்பது மூன்றாவது. முதலாவது தன்னைப் பழிப்பது. இரண்டாவது வினையைப் பழித்துத் திருத்த முயல்வது. மூன்றாவது பிறனைப் பழிப்பது.

இத்தகைய ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டவற்றுள் இரண்டு நமக்கு வேண்டுவன. முதலாவது, பெண்பாலார் ஆண்பாலாரினும் நாணமும் குற்றவுணர்வும் மிகுதியாக உடையர் எனத் தம் வாயாற் கூறுகின்றனர்; ஆயின் வேற்றுமை சிறிது. நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட் என்பாரும் துணைவரும் 2012ஆம் ஆண்டு ஏறத்தாழ 380 ஆய்வுகளை ஒருங்குசேர்த்து நோக்கியபோது இதுவே புலப்பட்டது. இருபாலாருடைய எண்களையும் இரண்டு நெற்குவியலாகக் குவிப்பின், ஒன்றன்மேலொன்று பெரும்பாலும் படிந்துபோகும். விளிம்பிலே மட்டும் சிறிது விலகும். ஆண்பிள்ளை தன் நாணத்தை வெளியிற் சொல்லலாகாது என்று பயிற்றப்பட்டவன் என்பதையும் உடன்வைத்து எண்ணுக. பெண் என்றால் நாண் கடல், ஆண் என்றால் வறள்நிலம் என்னும் நம் திண்ணைப்பேச்சுக்கு ஆதாரம் அங்கே இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. தீச்செயலினின்று ஒருவரைத் தடுப்பது வினையை நோக்கும் உணர்ச்சியே. தன்னையே முழுதும் இழிவாகக் கருதும் உணர்ச்சி அங்ஙனம் தடுப்பதாக உறுதிப்படவில்லை. டாங்னியும் துணைவரும், சிறையிலிருந்து வெளிவந்தோரைத் தொடர்ந்து நோக்கி 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, வினைபற்றிய குற்றவுணர்வு மிக்கோர் மீளவும் குற்றம் புரிதல் குறைந்தது என்றும், நாணம் மிக்கோருட் பழியைப் பிறர்மேல் ஏற்றுவார் மீளவும் குற்றத்துட் செல்லுதல் மிகுந்தது என்றும் கூறினர். பொறுக்கலாகாத நாணம் சினமாக மாறிப் பிறர்மேற் பாய்கின்றது என்பது இதன் உட்கிடை. இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும். முன்னரே, 1996ஆம் ஆண்டு, திபெட்ஸ், ஹெர்ஸ் என்னும் இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடம், கடையிற் களவெடுத்தல், குடித்து வண்டியோட்டுதல் என்பவற்றைச் செய்வீரோ என வினாவினர். செய்தால் நாணுவேன் என்று முன்னரே எண்ணியவர் செய்யத் துணிதல் குறைந்தது. அவ்வெண்ணம் மகளிர்பால் மிகுந்தது. செயலுக்கு முன்னே வந்து தடுக்கும் இந்நாணே வள்ளுவர் கூறிய வினைநாண் என்பது எம் துணிபு.

உலகத்துச் சிறைகளில் இருப்போருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே பெண்கள். இத்துணைப் பெரிய வேற்றுமையை, நெற்குவியலின் விளிம்பிற் கண்ட அச்சிறு வேற்றுமை ஒன்றே விளக்கவல்லதன்று. பிறிதொரு காரணமும் இருத்தல் வேண்டும். அதனைக் கனடா நாட்டு ஜோன் ஹேகன் என்பார் 1980களிலே வீட்டினுள்ளே தேடினார். தந்தை ஆளத் தாய் அடங்கி நடக்கும் இல்லங்களில் மகள் கண்காணிப்பிலும் மகன் கட்டின்றியும் வளர்வர் என்றும், அங்கே இருபாலார் ஒழுக்கக்கேட்டின் வேற்றுமை பெரிதாகும் என்றும், தாயுந் தந்தையும் ஒத்து நடத்தும் இல்லங்களில் அவ்வேற்றுமை சிறிதாகும் என்றும் அவர் கூறினார்.

இதற்கு நாம் கனடாவுக்குச் செல்லவேண்டுவதில்லை. வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் மாடிவீடுகளிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலைநாடு முதலிய இடங்களிலிருந்து வந்த மாணவர் அறையெடுத்துத் தங்கியிருத்தலை யாவரும் அறிவர். பெண்பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் வீட்டிலே, விளக்குவைக்குமுன் உள்ளே வந்துவிடல் வேண்டும் என்பது முதல் நிபந்தனை. யார் வந்தார், யாரோடு பேசினாள் என்பன ஊருக்குத் தொலைபேசியிற் சொல்லப்படும். ஆண்பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் வீட்டிலே வாயிற்றிறவுகோல் ஒன்று கையிற் கொடுக்கப்படும். வாடகை நாளன்றி வேறு கேள்வியில்லை. இரவு பதினொரு மணிக்கு அவன் எங்கிருந்தான், எவனை என்ன செய்தான் என்று கேட்பார் ஒருவருமிலர். மகள் காக்கப்படுகின்றாள் என்று நாம் மகிழ்கின்றேம். உண்மையில் அவள் பார்க்கப்படுகின்றாள், அவ்வளவே. பார்ப்பார் இல்லாத இடத்துக்கு அவள் சென்றபோது, அவளிடத்து நாம் வைத்தது என்ன?

நிற்க. இனிப் பகிடிவதைக்கு வருவாம். பகிடி என்பது விளையாட்டு. வதை என்பது கொலைக்கு அணித்தாய துன்பம். இரண்டையும் ஒருசொல்லாக்கிய நம் நாட்டு வழக்கு, அச்செயலின் இயல்பை உள்ளவாறு காட்டுகின்றது. புதிதாக வந்தார்க்கு மூத்த மாணவர் இழிபெயரிடுவர். இன்ன உடையே உடுத்தல் வேண்டும், இங்ஙனமே கூந்தல் முடித்தல் வேண்டும் என்பர். நாவாற் சொல்லத்தகாத பாட்டுக்களைப் பலர்முன் பாடுவிப்பர். சில இடங்களில் இதனின் மேற்பட்டு உடல்வருத்தமும் செய்வர். ஏன் செய்கின்றீர் என்று கேட்பின், “கிராமத்திலிருந்து கூச்சத்தோடு வருகிறார்கள், அந்தக் கூச்சத்தைப் போக்கி எல்லாரையும் சமமாக்குகிறோம்” என்பர். இவ்விடையைக் கேட்டுத் தலையசைக்கும் பெரியோரும் உளர் என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றேம்.

இவ்விடையின் பொய்ம்மையை நாணின் இருவகையை அறிந்தார் எளிதிற் காண்பர். பகிடிவதை போக்குவது விழிநாணை அன்று, வினைநாணையே. பிறனுக்குத் துன்பஞ்செய்ய நாணிய பிள்ளை, ஓராண்டு கழிந்ததும் நாணாது செய்கின்றான். விழிநாணையோவெனின் அது போக்குவதில்லை, கருவியாகக் கொள்கின்றது. பிறர் என்ன நினைப்பாரோ என்னும் அச்சம் எவளிடத்து மிகுதியாக ஊட்டப்பட்டுளதோ, அவளே எளிதிற் பிணிக்கப்படுகின்றாள். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினாற் கழகங்கள் மூடப்பட்டபோது, இவ்வதை கைத்தொலைபேசிக்குட் புகுந்தது. படம் அனுப்பு என்பார். அனுப்பியபின் அதனை ஊரார்க்குக் காட்டுவேம் என்பார். தீங்கு செய்தவன் நாணவில்லை. தீங்கு உற்றவள் நாணி வாய்மூடுகின்றாள். வீட்டிற் சொன்னால் “உன் பெயர் கெட்டுவிட்டதே” என்பார், படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைப்பார் என்று அவள் அஞ்சுகின்றாள். அவ்வச்சம் ஆதாரமற்றதோ? நம்மை நாமே கேட்டுக்கொள்வாம்.

ஆண்பிள்ளையும் வாய்மூடுகின்றான், காரணம் வேறு. அடியுண்டேன், அழுதேன் என்று சொல்லுதல் ஆண்மைக்கு இழுக்கு என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. மகளுடைய நாணம் அவள் உடலைப் பற்றியது. மகனுடைய நாணம் தன் வலியின்மையைப் பற்றியது. அவனுக்கும் நாணம் உண்டென்பதும், அது வள்ளுவர் வேண்டிய நாணன்றென்பதும் இதனாற் பெறப்படும். அடுத்த ஆண்டு புதியோர் வந்தவுடன், சென்ற ஆண்டு பட்ட இழிவைத் தீர்த்துக்கொள்ள அவனே முன்னிற்கின்றான். பொறுக்கலாகாத நாணம் பிறர்மேற் சினமாகப் பாயும் என்று மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதன்பொருட்டே. பகிடிவதை ஆண்டுதோறும் தானே புதுப்பிக்கப்படும் வழி இது.

இதன் முடிபு எங்கே சென்று நிற்கும் என்பதற்கு, பேராதனையில் நிகழ்ந்த இரண்டு துயரங்களே போதும். 1975ஆம் ஆண்டு விவசாய பீடத்து மாணவி ஒருவர், வதைக்குத் தப்ப விடுதி மாடியினின்று குதித்து இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கரநாற்காலியிலே பல்லாண்டு வாழ்ந்து பின்னர்த் தம்முயிரைத் தாமே மாய்த்தார். 1997ஆம் ஆண்டு பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், மூத்தோர் ஏவிய கொடிய உடற்பயிற்சியாற் சிறுநீரகம் பழுதுற்று இறந்தார். அடுத்த ஆண்டிலே பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிக் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தண்டத்துக்குரிய குற்றமாக்கிற்று. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை. அதனோடு பாலியற்றொந்தரவோ கொடுங்காயமோ சேரின் பத்தாண்டு வரை சிறை. உடற்காயம் மட்டுமன்றி மனநோவும் அச்சமும் விளைத்தலையும் அச்சட்டம் பகிடிவதை என்றே கொள்கின்றது. இதனை அறியாத பெற்றோர் பலர். அறிந்தும் மகனுக்குச் சொல்லாதார் இன்னும் பலர்.

அற்றேல், பெண்பிள்ளைகள் அடக்கத்தைக் கைவிடுக என்று கூறுகின்றீரோ எனின், அன்று. அடக்கம் இருபாலார்க்கும் அணியே. நீ ஒரு தீங்கு செய்யாதபோது நாணவேண்டுவதில்லை என்பதை மகளுக்கும், நீ ஒரு தீங்கு செய்தபோது நாணவேண்டும் என்பதை மகனுக்கும் வீட்டிலே சொல்லிவைத்தல் வேண்டும் என்பதே யாம் கூறுவது. பெண்பிள்ளைகளும் பிறரை வதைத்தலுண்டு, பரீட்சையிற் பார்த்தெழுதுதலுமுண்டு. ஆதலின் இரண்டாவது பாடம் அவர்க்கும் வேண்டும். நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயில்வாருட் பாதிக்கு மேற்பட்டார் இன்று பெண்களே. அவரை இன்னும் விழிநாண் ஒன்றையே கொண்டு காத்துவிடலாம் என்பது நடவாது.

தவறு செய்த பிள்ளையை எங்ஙனம் நாணச்செய்வது என்பதும் ஒரு வினா. ஆஸ்திரேலிய நாட்டு ஜோன் பிரெய்த்வெயிட் 1989ஆம் ஆண்டு எழுதிய நூலிலே, செயலைக் கடிந்து ஆளை மீண்டும் தம்முட் சேர்த்துக்கொள்ளும் நாணுறுத்தல் குற்றத்தைக் குறைக்கும் என்றும், ஆளையே இழிந்தவனென முத்திரையிட்டு ஒதுக்குதல் குற்றத்தைப் பெருக்கும் என்றும் கூறினார். நம் வீடுகளில் நிகழ்வது பெரும்பாலும் பின்னையது. அல்லது இரண்டுமின்றி மூடி மறைத்தல். வதைத்தவன் என்று பெயர் வந்த மகனுக்காக அவன் தந்தையார் முதலிலே தேடுவது, யாரைப் பிடித்து இதனை அடக்கலாம் என்பதையே. வதையுண்ட பிள்ளையின் வீட்டுக்கு மகனை அழைத்துச் சென்று, அவன் வாயாலே செய்தது இன்னதென்று சொல்லுவித்த தந்தையாரை யாம் இன்னும் கண்டேமல்லேம்.

இங்ஙனம் துன்புறும் பிள்ளையுடைய பெற்றோர் செய்யத்தக்கன சில உண்டு. தொலைபேசியில் வந்த அச்சுறுத்தலை அழித்துவிடாது வைத்துக்கொள்க. பிள்ளையிடம் “நீ ஏன் அங்கே போனாய்?” என்று முதலிற் கேளாதொழிக. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முறையீட்டை இணையவழியாகவும் ஏற்கின்றது, பொலிசாரிடமும் முறையிடலாம். உடன் சென்று நிற்கும் தந்தையோ தாயோ இருப்பின் பிள்ளையின் நாணம் பாதி குறையும்.

பிறர்க்கு வரும் பழியையும் தம் பழிபோல் எண்ணி நாணுவாரையே நாணுக்கு உறைவிடமாக உலகம் கொள்ளும் என்று அவ்வதிகாரத்தில் ஒரு குறள் உண்டு. அன்றைய வகுப்பிலே நேரமின்மையால் அதனை விரித்தேமல்லேம். விடுதித் தாழ்வாரத்திலே வதை நிகழும்போது சுவரோரம் நின்று பார்த்திருக்கும் பத்துப்பேர்க்கும் அக்குறள் உரியதாதலின், அடுத்த ஞாயிறு அதனையே பாடமாக எடுத்துக்கொள்ளத் துணிந்துள்ளேம். அவ்வன்னையாரிடம் இதனைத் தெரிவித்து, இம்முறை மகனையும் அழைத்து வருக என்று கேட்டேம். “அவனுக்குச் சோதனை கிட்டுகிறது, ஐயா” என்றார் முதலில். சிறிது பொறுத்து, “அவனும் இப்போது இரண்டாம் வருடம், புதுப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கேட்டுப் பார்க்கிறேன்” என்றார்.